மூடியில்லாத டீசல் டேங்க்குக்குப் புனல் வாங்கப் போகிறீர்களா? 9,350 ரூபாய் போன கதை

போனது 9,350 ரூபாய். ஒரு பிளாஸ்டிக் புனலால். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில கார்களில் டேங்க் வாய்க்குத் திருகு மூடி கிடையாது. வெளிக்கதவைத் திறந்தால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு தட்டு மட்டும் இருக்கும். பங்க் குழாயின் முனை (நாசில்) உள்ளே போகும்போது ஓரத்துக் கொக்கிகளைச் சரியான அளவில் தள்ளினால்தான் அந்தத் தட்டு விலகும். ஃபோர்டு இதை ஈஸி ஃப்யூயல் என்ற பெயரில் 2008 வாக்கில் அமெரிக்காவில் கொண்டுவந்தது. பங்க்கில் சௌகரியம்தான். கேனிலிருந்து ஊற்ற வேண்டி வந்தால்தான் வம்பு. வீட்டுப் புனலை வைத்தால் தட்டு அசையாது, ஊற்றியதெல்லாம் டயர் மேல் வழியும். அதற்காகவே வண்டியோடு தனிப் புனல் ஒன்று தருவார்கள், பெரும்பாலும் டிக்கியில் ஸ்டெப்னி பக்கம் கிடக்கும். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டி. ஜாக்கி இருந்தது, புனல் இல்லை.

சரி, ஒன்று வாங்கி வைப்போம் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். பெயர் போடப் போவதில்லை. அந்த ரோட்டில் நல்ல கடைகள் நிறைய உண்டு, அவர்கள் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை.

கவுன்ட்டரில் இருந்தவர் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தார். மாடல், வருடம், டீசல் என்பதெல்லாம் அவரே வாய்விட்டுப் படித்தார். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். "டீசல்" என்று அவர் வாயால் சொன்னார். உள்ளே போய் கருப்புப் புனல் ஒன்றை எடுத்து வந்தார். "கம்பெனி மோல்டு சார், இந்த வண்டிக்குன்னே வந்தது. வெளியில 500க்குக் கிடைக்கும், அதெல்லாம் உடைஞ்சிடும்." விலை 1,450. பேரம் பேசியதற்கு டீ வரவழைத்தார், விலை இறங்கவில்லை. "எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க சார், நான் இருக்கேன்ல" என்று கார்டில் தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அந்த "நான் இருக்கேன்ல"வை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மேலே "எஸ்டிமேட்", கீழே "பிளாஸ்டிக் ஐட்டம் 1". ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரி தாண்டி, டீசல் தீர்ந்து வண்டி நின்றது. ஏன் தீர்ந்தது என்பது என் மச்சான் சம்பந்தப்பட்ட வேறு கதை. பைக்கில் வந்த ஒரு தம்பி கேனில் டீசல் வாங்கி வந்து கொடுத்தார். புனலை வைத்தேன், தட்டு திறக்கவில்லை. திருப்பி வைத்தாலும் திறக்கவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன், உடனே எடுத்தார். கடைசியாக உடனே எடுத்தது அப்போதுதான். "புதுசு சார், டைட்டா இருக்கும். நல்லா அழுத்திக் குத்துங்க, திறந்துக்கும்" என்றார். அவர் சொன்னபடியே அழுத்தினேன். மடக்கென்று சத்தம். புனலின் மூக்கு உடைந்து கொக்கிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. இனி பங்க் நாசிலும் உள்ளே போகாது.

டோவிங்குக்கு 2,200. பூந்தமல்லி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாய்ப்பகுதியைக் கழற்றி மாற்ற, கூலியோடு 5,700. புனலையும் சேர்த்தால் 9,350. அந்த மெக்கானிக் நல்ல மனுஷன். டேங்க் வற்றியதால் லைனில் காற்று புகுந்திருந்தது, அதை எடுத்துவிட்டதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. உடைந்த புனலை வெர்னியர் வைத்து அளந்தவரும் அவர்தான். 21 மில்லிமீட்டர். "சார், இது பெட்ரோல் வண்டிப் புனல்." பங்க்கில் பெட்ரோல் நாசில் மூக்கு சுமார் 21 மி.மீ., டீசல் நாசில் 24, 25 வரும். தெரியாமல் யாரும் பெட்ரோல் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகவே சில டீசல் வண்டிகளில் அந்தத் தட்டு தடித்த மூக்குக்கு மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். என்ன குத்து குத்தினாலும் என் புனலுக்கு அது திறந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. கடைக்குப் போன் போட்டால் முதலில் "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு". அடுத்து "போட்டோ அனுப்புங்க". அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால், டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் என்னை முதல்முறை பார்ப்பது மாதிரி "எப்ப வாங்குனீங்க?" என்றார். சீட்டை நீட்டினேன். "இதுல புனல்னே போடலையே சார்." அளவைச் சொன்னேன். "உங்க வண்டி ஃப்ளாப்புல கோளாறு, பழைய வண்டிதானே." கடைசியில் பெரிய மனது பண்ணி, உடைந்ததற்குப் பதில் இன்னொரு புனல் தருகிறேன் என்றார். அதே 21 மி.மீ. புனல்! 9,350 ரூபாய்க்கு இதுதான் பதில். இப்போது என் நம்பர் ப்ளாக்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கிறேன். பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவாவது கையில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதே டிக்கியில் புனல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கினால் வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுபோய், உள்ளே விட்டுத் தட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். டீசல் வண்டியா, மூக்கை அளந்து வாங்குங்கள். திறக்கவில்லையென்றால் அழுத்தாதீர்கள், ஸ்குரூ டிரைவரும் விடாதீர்கள், போனில் யார் என்ன சொன்னாலும் சரி. பொருள் பெயரோடு பில் வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டு நீட்டினால் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.