பக்தாதிக்கு உலமாக்கள் எழுதிய திறந்த மடல்: ஒரு மதிப்புரை

பயங்கரவாதத்தைக் கண்டித்து முஸ்லிம் மார்க்கத் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு பத்திகளில் முடிந்துவிடும். ஈராக்கிலும் சிரியாவிலும் இயங்கிய ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் அப்போதைய தலைவர் பக்தாதிக்கு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) எழுதி, 2014 செப்டம்பரில் வெளியான இந்த மடல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. எகிப்தின் அப்போதைய தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம், நைஜீரியாவின் சொகோட்டோ சுல்தான் உள்ளிட்ட 126 பேர் முதலில் கையொப்பமிட்ட இது, ஐ.எஸ். அமைப்பின் செயல்களை 24 தலைப்புகளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் குர்ஆன், ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) நூல்களின் துணையோடு மறுக்கிறது. அரபு, ஆங்கிலம் முதலிய மொழிகளில் இணையத்தில் கட்டணமின்றி வெளியிடப்பட்டது.

மடலின் தொடக்கம் கூர்மையானது. 2014 ஜூலை 4 அன்று மோசுல் நகரின் நூரி பள்ளிவாசலில் நிகழ்த்திய குத்பாவில் (பள்ளிவாசல் உரையில்), தாம் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் அறிவுரை கூறித் திருத்துங்கள் என்று நபிகளுக்குப் பின் முஸ்லிம்களுக்குத் தலைமையேற்ற முதல் கலீஃபா அபூபக்கரின் சொற்களைத் தழுவி பக்தாதி பேசியிருந்தார். அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு, கேட்ட அறிவுரை இதோ என்று உலமாக்கள் எழுதத் தொடங்குகிறார்கள். ஸலாம் கூறித் தொடங்கும் மடல், இறுதியில் தவ்பா செய்யுமாறு (பாவமன்னிப்புக் கோரித் திருந்துமாறு) அழைக்கிறது. இவ்வளவு கொடுமை செய்தவர்களுக்கு ஸலாமா என்று எனக்கும் முதலில் நெருடியது. ஆனால், தானாக வெளிப்படையாக இஸ்லாத்தை மறுக்காத எவரையும் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று முத்திரை குத்துவது ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என வாதிடும் மடல், எதிராளிக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்தாவிட்டால் அந்த வாதமே உதிர்ந்துபோயிருக்கும்.

மடலின் சிறந்த பகுதிகள், ஐ.எஸ். தனக்கு வலுவானது என்று நம்பிய இடங்களிலேயே கைவைக்கின்றன. நபிகள் உலகத்தாருக்கு அருளாக வாளோடு அனுப்பப்பட்டார் என்ற பொருளில் அந்த அமைப்பின் பேச்சாளர் அத்னானி கூறியதை எடுத்துக்கொண்டு, அகிலத்தாருக்கு அருட்கொடையாகவே அவர் அனுப்பப்பட்டார் என்ற அன்பியா அத்தியாயத்தின் 107ஆம் வசனத்தோடு வாளை ஒட்டவைக்க இவருக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்கும் தொனியில் அலசுகிறது. ஈராக்கின் சிறுபான்மை மதத்தவரான யஸீதிப் பெண்களை அடிமைகளாக்கியதற்கு எதிரான பகுதி இன்னும் வலுவானது. அடிமையை விடுவிப்பதைச் செங்குத்தான மேட்டுப் பாதையாகக் குறிப்பிடும் பலத் அத்தியாயத்தின் வசனங்களைக் காட்டி, அடிமை முறையை ஒழிப்பது இஸ்லாத்தின் நோக்கங்களுள் ஒன்று என்றும், அதைத் தடைசெய்வதில் முஸ்லிம் உலகம் எட்டியிருந்த ஒருமித்த முடிவை இவர்கள் மீறிவிட்டார்கள் என்றும் சாடுகிறது. யஸீதிகளை வேதக்காரர்களுக்குரிய (யூதர், கிறிஸ்தவர் போன்றோருக்குரிய) நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. அரசுத் தூதர்களைக் கொல்லக் கூடாது என்ற பழைய விதியைப் பத்திரிகையாளர்களுக்கும் நிவாரணப் பணியாளர்களுக்கும் விரித்து, அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஜேம்ஸ் ஃபோலி, ஸ்டீவன் சாட்லாஃப் ஆகியோரின் கொலையைப் பெயர் குறிப்பிட்டே ஹராம் என்கிறது.

குறைகளும் உண்டு. ஹுதூத் (மார்க்கச் சட்டம் வரையறுத்த) தண்டனைகளை மடல் நிராகரிக்கவில்லை. உரிய நடைமுறையும் கருணையும் இன்றி நிறைவேற்றியதையே கண்டிக்கிறது. கிலாஃபத் (கலீஃபாவின் ஆட்சி) என்ற கருத்தையும் அது ஏற்கிறது; முஸ்லிம்களின் ஒருமித்த சம்மதமின்றி அறிவித்ததே அதன் பார்வையில் குற்றம். மனித உரிமைப் பிரகடனத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். என் கணிப்பில், அவர்களுக்காக எழுதப்பட்ட மடலே அன்று இது; ஐ.எஸ். பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் ஒருவர் மதிக்கும் ஆதாரங்களைக் கொண்டே அவரைத் தடுத்து நிறுத்துவதுதான் இதன் வேலை.

அந்த வேலைக்குத் தடையாக நிற்பது இதன் வடிவம். உசூல் எனப்படும் சட்டக் கோட்பாட்டு விதிகளும் அரபு இலக்கண நுணுக்கங்களும் நிறைந்த நீண்ட உரைநடையை, சில நிமிடக் காணொளிகளில் மயங்கிய இளைஞர் பொறுமையாகப் படிப்பாரா என்பது ஐயமே. இலங்கையில் ஐ.எஸ். உரிமைகோரிய 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் தமிழில் பேசிய காணொளிகளின் வழியாகவும் ஆள் சேர்த்தார். 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின், தாக்குதல்காரர்களின் உடல்களைப் பள்ளிவாசல்கள் ஏற்காது என்று மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. எந்த வாதமும் தேவைப்படாத அந்த ஒற்றை அறிவிப்பு, சாதாரண மக்களிடம் இம்மடலைவிட எளிதாகச் சென்று சேர்ந்திருக்கும்.

ஆயினும் மத்ரஸா ஆசிரியர்களும் ஜும்ஆ உரை நிகழ்த்துபவர்களும் கைவசம் வைத்திருக்க வேண்டிய ஆவணம் இது. முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள், தொடக்கத்தில் உள்ள 24 அம்சச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கும் தகுதி, தூதர்கள், அடிமை முறை ஆகிய மூன்று பகுதிகளுக்கு நேரே சென்றுவிடலாம்.