ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால்: ஆறு வருட அனுபவம்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "தாத்தாவோட பழைய கேமரா லென்ஸ் நாலு கிடக்குது. நீங்க ரேடியோ வால்வு விக்கிற ஆன்லைன் ஏலத்துல போட்டுரலாமா?" அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம்.

அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவர் விட்டுப்போன பெட்டிகளில் பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வுகள் நிறைய. பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வு. இங்கே சீண்ட ஆளில்லை. வெளிநாட்டில் கிடார் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் போட்டி போட்டுக் கேட்கிறார்கள். ஆறு வருடத்தில் தொண்ணூறு ஏலம் போட்டிருப்பேன். பணம் வராமல் போனது ஏழே ஏழு. ஞாபகத்தில் நிற்பதும் அந்த ஏழுதான்.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். ஈஎல்84 என்ற வகை வால்வு ஒரு ஜோடி. கண்ணாடித் தலையில் உள்பக்கம் இருக்கும் பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டும் பளபளவென்று இருந்தன. அங்கே ஞாயிறு ராத்திரி, நமக்குத் திங்கள் காலை ஏழரைக்கு ஏலம் முடிந்தது. 58 டாலர். உற்சாகத்தில் அன்றைக்கே பஞ்சு சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, முகவரிச் சீட்டும் ஒட்டிவிட்டேன். பணம் வரவில்லை.

வாங்கியவருக்கு நாலு நாள் அவகாசம். அதற்குள் நாம் நினைவூட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் ஏலம் கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் மறுநாள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா? இங்கே அந்த ஆள் அதே சமயத்தில் இன்னொருவரின் வால்வுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கலாம். மூன்றாம் நாள் ஒரு செய்தி: "மனசு மாறிவிட்டது, ரத்து செய்துவிடுங்கள்." முன்பொருமுறை இங்கேதான் ஏமாந்தேன். 'வாங்குபவர் கேட்டார்' என்று காரணம் போட்டு ரத்து செய்தால் அவர் கணக்கில் ஒரு கீறலும் விழாது. பொறுத்திருந்து, ஐந்தாம் நாள் 'பணம் கட்டவில்லை' என்று போட்டேன். அப்போதுதான் அது அவர் கணக்கில் ஏறும். அப்படி ஏறியவர்கள் நம் பொருளுக்கு விலை கேட்காமல் தடுக்க அமைப்பில் ஒரு வசதி உண்டு, அதையும் போட்டு வையுங்கள். நாலு நாள் கழிந்தால் தானாக ரத்தாகும்படி வைக்கவும் முடியும். ஆனால் ஆளைப் பற்றி நாலு வார்த்தை திட்டி எழுத வழியில்லை. விற்பவர் வாங்குபவருக்கு நல்ல மதிப்புரை மட்டும்தான் தரலாமாம். என்ன நியாயமோ!

நியாயமாகச் சொன்னால் எனக்குப் பைசா நஷ்டமில்லை. பொருள் வீட்டை விட்டுப் போகவில்லை, தளம் பிடித்த கட்டணமும் திரும்பி வந்தது. இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட உச்ச விலைக்கே, அதாவது 57 டாலருக்கு, பொருளைத் தருவதாக அனுப்பும் வசதியும் இருக்கிறது. அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பணம் கட்டிவிட்டார்!

அதுதான் உறுத்துகிறது. மூன்றாமவர் கேட்டது 31. ஓடிப்போன ஆள் நடுவில் புகாமல் இருந்திருந்தால் இந்த மனுஷனுக்கு 32-க்கே கிடைத்திருக்கும். நானே பொய்க் கணக்கில் விலையை ஏற்றினேன் என்று அவர் சந்தேகப்பட்டிருந்தாலும் தப்பில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தபால் செலவை மட்டும் நானே ஏற்றுக்கொண்டேன்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. ஆனால் நண்பரிடம், "ஏலம் வேண்டாங்க. விலையைப் போட்டு, உடனே பணம் கட்டினால்தான் பொருள்னு வச்சு வித்துருங்க" என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் கையில் வைத்திருந்தது அந்தப் பெட்டிதான். முதல் ஆளின் முகவரிச் சீட்டை உரித்தால் அட்டையும் சேர்ந்து கிழிந்து வந்தது. அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்டித் தபாலாபீஸுக்கு எடுத்துப் போனேன்.