பூல் கேஜ் மேல் சருகு: ப்ளோவரா, நீளக் கம்பா?

நீச்சல் குளத்தை மூடிய வலைக்கூண்டு, அதன் மேல் கவிந்த ஒரு பெரிய லைவ் ஓக் மரம், பக்கத்து வீட்டில் பைன் மரம். ஃப்ளோரிடாவில், அதுவும் எங்கள் டாம்பா பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மார்ச் வந்தால் ஓக் பழைய இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு, கையோடு பழுப்புப் பூச்சரங்களையும் கொட்டும். இரண்டு வருடம் ப்ளோவர், அதாவது காற்றை ஊதி இலையைத் தள்ளும் கருவி, இப்போது ஒரு வருடமாக நீளக் கம்பு. இனி எனக்குக் கம்புதான்.

ப்ளோவர் வேகமானது, அதில் பேச்சே இல்லை. காய்ந்த இலை என்றால் பத்து நிமிட வேலை. ஆனால் ஏணியில் ஏறி ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், மழையில் ஊறிய இலை அசையாது.

முக்கியமான விஷயம் பைன் ஊசி, அதாவது பைன் மரத்தின் ஊசி போன்ற இலை. சாதாரண வலையில் அங்குலத்துக்கு 18க்கு 14 கண்கள் இருக்கும், ஊசி அதில் நுனியை நுழைத்துப் பாதியில் நிற்கும். மேலிருந்து ஊத ஊத இன்னும் இறங்குமே தவிர வெளியே வராது. அப்புறம் அந்த ஊசிகளில் பூச்சரம் சிக்கிக்கொள்ளும், அதன் மேல் இலை படியும், அடியில் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். கனம் ஏற ஏற வலை தொய்ந்து, அதைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்திருக்கும் ஸ்ப்ளைன், அதாவது அந்த ரப்பர் கயிறு, வெயிலில் ஏற்கெனவே காய்ந்து போயிருப்பதால், மூலையில் கழலத் தொடங்கும். போன வருடம் இரண்டு சட்டங்களுக்குப் புது வலை போட வேண்டியதாயிற்று.

கம்பு முறை வீட்டில் ஒட்டடை அடிப்பதைப் போலத்தான். கூண்டுக்குள்ளேயே தரையில் நின்று, நீட்டி மடக்கும் கம்பின் நுனியில் கார் கழுவும் மெத்தென்ற பிரஷை மாட்டி, வலையை அடியிலிருந்து லேசாக மேலே தள்ள வேண்டும். ஊசிகள் வந்த வழியே மேலே எழும்பி விழுந்துவிடும். உச்சியிலிருந்து சரிவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தால் இலைகளும் உருண்டு இறங்கும். ஒரு மணி நேரம் ஆகும், கழுத்து வலிக்கும், தூளெல்லாம் குளத்தில் விழும், அதனால் பம்பை ஓடவிட்டு நீரின் மேல் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையை இரண்டு முறை கொட்ட வேண்டும்.

என் கூண்டுக்குச் சரிவு உண்டு. தட்டையான கூரையில் இதை நான் செய்து பார்த்ததில்லை, அங்கே இலை உருளாது என்பதால் ப்ளோவரும் தேவைப்படலாம். கொசுவலையைவிட நெருக்கமான 20க்கு 20 வலையிலும் எனக்கு அனுபவமில்லை.

அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஸ்ப்ளைனைப் பிடுங்கிவிடும்.

எதைச் செய்தாலும் வீட்டுக் கூரையும் கூண்டும் சேரும் இடத்திலுள்ள பெரிய மழைநீர்க் கால்வாயில் (gutter) சேரும் குப்பையைக் கையால்தான் அள்ள வேண்டும். ஜூன் 1, சூறாவளிப் பருவம் தொடங்குவதற்குள் அதை முடித்துவிடுவேன். மேலே மின்கம்பி போகிற வீடாக இருந்தால் அலுமினியக் கம்பு வேண்டாம், ஃபைபர் கிளாஸ் வாங்குங்கள்.