1,480 வெள்ளி போச்சு: ‘100 கட்டுறீங்க, 12தான் வருது’ன்னு எவனாவது சொன்னா உஷார்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வீட்டு இணையத்தை வேகமாக்கித் தருகிறேன் என்று சொல்லி ஒரு கடைக்காரன் என்னிடம் 1,480 வெள்ளி வாங்கினான். துளி வேகம்கூட ஏறவில்லை. ஏறவே ஏறாது என்பது பணம் வாங்கும்போதே அவனுக்குத் தெரியும். கடைப் பெயரை இங்கே போடவில்லை. கைப்பேசி, ரவுட்டர், சிசிடிவி விற்று, வீட்டுக்கே வந்து மாட்டியும் தருகிற கடை.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். படம் பிடிப்பவர் ஈப்போவிலிருந்து இணையத்தில் ஏற்றுவார், நான் இங்கே இறக்கிக்கொள்வேன். ஒரு கல்யாணம் 60 ஜிபிக்குக் குறையாது. என் லைன் 100 மெகா திட்டம். அந்தக் கடையில் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது, இறக்க ரொம்ப நேரம் ஆகுது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். “நான் வந்து பார்க்கிறேன் அண்ணே” என்று அன்று சாயங்காலமே வந்துவிட்டான்.

வந்தவன் முதலில் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான். “உங்களைத் தெரியுமே பாட்டி, எங்க ஆயாவும் நீங்களும் ஒரே பெரட்டுக்களத்துல பேர் கொடுத்தவங்கதானே” என்றான். பெரட்டுக்களம் என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பால்மரம் வெட்டின காலத்து ஆட்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? தோட்டத்துப் பிள்ளை, நம்ம ஆள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தோன்றிவிட்டது. மனைவி தே தாரே போட்டுக் கொடுத்தாள்.

அப்புறம்தான் என் கணினி முன்னால் உட்கார்ந்தான். ஒரு கோப்பை இறக்கவிட்டு, திரையில் ஓடுகிற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினான். 11.9. “மாசாமாசம் 100க்குக் காசு கட்டுறீங்க அண்ணே. வர்றது 12கூட இல்ல. மிச்சம் 88 எங்க போகுது? உங்க பழைய ரவுட்டர் தின்னுது.” புது ரவுட்டர் பெட்டியில் 1200 என்று போட்டிருந்ததைக் காட்டி, “இது 1200 வரைக்கும் இழுக்கும், உங்க 100 முழுசா வந்திடும்” என்றான். ரவுட்டர், மாடிக்கு இன்னொரு பெட்டி, புது கேபிள், கூலி, எல்லாம் சேர்த்து 1,480 வெள்ளி. ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

மாட்டி முடித்தான். அதே 11.9. “கொஞ்சம் செட் ஆகணும் அண்ணே” என்று சொல்லிவிட்டு, இறக்கும் மென்பொருளின் அமைப்புக்குள் போய் எதையோ தட்டினான். எண் சட்டென்று 95 ஆனது! “பார்த்தீங்களா!” என்றான். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் 6 ஜிபி கோப்பு ஒன்று பழைய ரவுட்டரில் எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். புது ரவுட்டரிலும் அதே நேரம்தான். அப்போதுதான் பாலிடெக்னிக்கில் தொலைத்தொடர்பு படிக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் வண்டவாளம் வெளியே வந்தது.

லைன் கம்பெனி சொல்கிற 100 என்பது விநாடிக்கு 100 மெகாபிட். கணினி இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. வின்டோஸ் 1000க்குப் பதில் 1024ஆல் கணக்குப் போடுவதால் அதுவே 11.9 ஆகத் தெரியும். ஆக, முதல் நாளே என் லைன் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த 88ம் எங்கேயும் போகவில்லை. கடைக்காரன் அமைப்பில் தட்டியது, பைட்டில் காட்டுவதை பிட்டில் காட்டு என்ற ஒரு பொத்தான். அதே தண்ணீரை லிட்டரில் அளக்காமல் மில்லிலிட்டரில் அளந்து காட்டியிருக்கிறான், அதற்கு 1,480 வெள்ளி!

பெட்டியில் இருந்த 1200ம் அப்படித்தான். இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்ச எண்களை, 300ஐயும் 867ஐயும், கூட்டித் தோராயமாகப் போட்டது. அதுவும் மெகாபிட்தான். வீட்டுக்குள் வருகிற லைனே 100 என்றால் எந்த ரவுட்டரும் அதற்கு மேல் இழுக்காது.

பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் “லைன் கம்பெனியைக் கேளுங்க அண்ணே” என்றான். அடுத்த முறை, மழை, லைன் இழுக்குது என்றான். அதற்குப் பிறகு கடைப் பையன், “பாஸ் தைப்பிங் போயிட்டாரு” என்றான். பாஸின் கார் பின்னால்தான் நின்றது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ஒருவழியாகப் பிடித்து நிறுத்தி, எட்டால் வகுக்கிற கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதற்கு அவன் சொன்னது: “அது எனக்குத் தெரியும் அண்ணே. உங்களுக்குத் தெரியலைன்னா நான் என்ன செய்ய? பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்.”

தெரிந்தே செய்திருக்கிறான். என் அம்மா கையைப் பிடித்துப் பேசிவிட்டு, தெரிந்தே. 1,480 வெள்ளி எனக்கு இரண்டு கல்யாணத்துக் கூலி. அம்மா இன்னும் “அந்தப் பையனா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சின்ன பி போட்டிருந்தால் பிட், பெரிய பி என்றால் பைட். லைன் எண்ணை எட்டால் வகுங்கள்: 30 என்றால் 3.75, 300 என்றால் 37.5, 500 என்றால் 62.5, ஒரு கிகா என்றால் 125. கம்பியில் இணைத்துப் பார்க்கும்போது அதை ஒட்டி வந்தால் உங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, எதையும் வாங்காதீர்கள். யாராவது வேகம் ஏற்றித் தந்தால் திரையில் எண்ணைப் பார்க்காதீர்கள், ஒரே கோப்பை முன்னும் பின்னும் இறக்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். என்ன வேகம் தருவான் என்பதை பிட்டா பைட்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். நான் பாரத்தை நிரப்பிவிட்டேன். இதே கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைப் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.