சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை

கோவையில் பம்ப் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் ஏழு வருடம் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்தேன். மொத்தமே நாற்பது பேர். பெயரைச் சொல்லவில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை, அதோடு இது அந்த ஒரு பட்டறையோடு நிற்கிற விஷயமும் இல்லை.

முதலாளியை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஆயுத பூஜைக்குப் பொரி, துணி எல்லாம் அவர் கையாலேயே கொடுப்பார். என் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கொரோனா ஊரடங்கில் இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். அதுகூடக் கொடுக்காத பட்டறைகள் பக்கத்திலேயே இருந்தன. அதனால் பிறகு எட்டு மணி நேர ஷிஃப்ட் பன்னிரண்டாக நீண்டபோதும், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்ற பேச்சே எழாதபோதும் யாரும் வாய் திறக்கவில்லை. வடக்கத்திப் பையன்களை கான்ட்ராக்டில் எடுக்க ஆரம்பித்த பிறகு பயமும் சேர்ந்துகொண்டது.

2022 ஜூன் வாக்கில், லேத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் ஆபீஸுக்குப் போய், எங்கள் வருங்கால வைப்பு நிதியைப் பற்றி, "பி.எஃப். கட்டறீங்களாங்க?" என்று கேட்டுவிட்டார். "சர்வர் பிரச்சினைங்க, அடுத்த மாசம் ஏறிரும்" என்றார்கள். டீ நேரத்தில் நாங்களே அவரைக் கிண்டல் செய்தோம். "அண்ணா உங்க காசை எடுத்துட்டு ஓடிருவாருங்களா?" என்று கேட்டது நான்தான். அந்த வருடமே அவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

2023 செப்டம்பர் கடைசியில், தங்கை கல்யாணத்துக்கு பி.எஃப். அட்வான்ஸ் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் யு.ஏ.என். எண்ணில், அதாவது பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்ணில், பதிவாகியிருந்த செல் நம்பர் என்னுடையதே இல்லை, ஆபீஸ் நம்பர். சேரும்போதே அப்படிப் போட்டிருக்கிறார்கள். பணம் ஏறியதாக எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வந்ததில்லை, வராதது எனக்கு உறுத்தியதும் இல்லை. ஆதார் ஓ.டி.பி. மூலம் நம்பரை மாற்றி பாஸ்புக்கைத் திறந்தால், கடைசி வரவு 2022 மார்ச் மாதச் சம்பளத்துக்கு. அதன் பிறகு பதினேழு மாதம் ஒன்றுமே இல்லை.

சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் தவறாமல் 1,680 ரூபாய் பிடித்தம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, அதில் 12 சதவீதம். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். என் பங்கு மட்டும் 28,560. இரண்டையும் சேர்த்தால் 57,120.

நேரில் கேட்டேன். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "ஆர்டர் இல்லப்பா. உங்களுக்குச் சம்பளம் போடத்தான் அதை எடுத்தேன்." அதாவது என் காசை எடுத்து எனக்கே சம்பளம். ஆர்டர் குறைந்தது உண்மை, மெஷின் சும்மா நின்றதை நானே பார்த்தேன். ஆனால் தன் பங்கைக் கட்ட முடியாமல் போவது வேறு, என்னிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வேறு. அப்போது நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவு விளக்கம் இரண்டாவதை நம்பிக்கை மோசடிக் கணக்கில்தான் சேர்க்கிறது.

தீபாவளிக்குள் கட்டுகிறேன் என்றார். பிறகு பொங்கல் என்றார். அவரை எதிர்த்து மனு போட மனசு வராமல் நான்கு மாதம் வீணடித்தேன். வேலையை விடப் போகிறேன் என்றதும், 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அனுபவச் சான்றிதழ் என்றார்கள். அன்று ராத்திரி அந்த லேத்துக்காரருக்குத்தான் போன் போட்டேன். "நான் போட்டுட்டேன் தம்பி. நீ போட்டுராத" என்றார். பழைய கிண்டலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போடவில்லை. சான்றிதழ் இன்றுவரை வரவில்லை. புது இடத்தில் சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் காட்டித்தான் சேர்ந்தேன். அதே தாள்களை இணைத்து பி.எஃப். அலுவலகத்தின் ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகார் போட்டேன். அமலாக்க அதிகாரி பட்டறைக்கே போனார். பதினொரு மாதப் பணம் ஏறிவிட்டது, ஆறு மாதம் 7ஏ விசாரணையில், அதாவது முதலாளி கட்ட வேண்டிய பாக்கியை பி.எஃப். அலுவலகம் முடிவு செய்யும் விசாரணையில், நிற்கிறது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் அவர் கட்ட வேண்டிவரும். அன்றே கட்டியிருக்கலாம்.

இன்னொன்று. வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து, விலகிய தேதியை நாமே பி.எஃப். தளத்தில் குறிக்க முடியும். அவசரப்பட்டுக் குறித்துவிடாதீர்கள். கடைசியாகப் பணம் ஏறிய மாதத்துக்குள்தான் அது தேதி கேட்கும். கட்டாத மாதங்களில் நீங்கள் வேலையே பார்க்காத மாதிரி ஆகிவிடும். நான் கிட்டத்தட்ட மாட்டியிருப்பேன்.

ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 20-ஆம் தேதி வாக்கில் உமாங் என்ற அரசு செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கடைசி வரவு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். ஆனால் பதிவான நம்பர் உங்களுடையதா என்று முதலில் பாருங்கள்.

பட்டறையில் இருப்பவர்கள் என்னோடு பேசுவதில்லை. 'வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போனவன்' என்று பெயர். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு, அங்கே இருக்கும் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் பாஸ்புக் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இதுல எந்த மாசம் வரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கேட்டிருந்தான்.