‘ஃபார்’, ‘லாங்’ ஒரு பக்கம். ‘எ லாங் வே’, ‘எ லாங் டைம்’ மறுபக்கம்

தொலைவையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லிலும் சொல்லலாம், நீட்டியும் சொல்லலாம். எது எங்கே பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

கேள்விக்கும் மறுப்புக்கும் ஒற்றைச் சொல்: ‘இஸ் இட் ஃபார்?’, ‘இட் இஸின்ட் ஃபார்’. ஆமாம், தூரம்தான் என்றால் ‘இட்ஸ் எ லாங் வே’. அங்கே வெறும் ‘இட்ஸ் ஃபார்’ புரியும், ஆனால் கொஞ்சம் இடறும். முன்னால் ‘டூ’ சேர்ந்தால் சரியாகிவிடும்: ‘இட்ஸ் டூ ஃபார்’. எண் வந்தால் இரண்டுமே வேண்டாம். ‘டென் கிலோமீட்டர்ஸ் அவே’ போதும். ‘டென் கிலோமீட்டர்ஸ் ஃபார்’ என்பது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற பிழை.

நேரத்துக்கும் இதே கதை: ‘டிட் யூ வெயிட் லாங்?’, ‘ஐ வெயிட்டட் எ லாங் டைம்’.

மறுப்பில்தான் உண்மையான வலை இருக்கிறது. ‘ஐ டிடின்ட் ஸ்பீக் ஃபர் லாங்’ என்றால் பேசினேன், சீக்கிரம் முடித்துவிட்டேன். ‘ஃபர் எ லாங் டைம்’ என்று மாற்றினால், பெரும்பாலும், நெடுநேரம் வாயே திறக்கவில்லை என்றாகிவிடும். அப்புறம், ‘ஐ ஹாவின்ட் வொர்க்ட் ஹியர் ஃபர் லாங்’ என்பவர் புதிதாகச் சேர்ந்தவர். ‘ஃபர் எ லாங் டைம்’ என்பவரோ அங்கே வேலை செய்தே ரொம்ப நாளாகிவிட்டது என்கிறார்.