தட்சிணசித்ராவா, கானாடுகாத்தானா?

பழைய வீடு பார்க்க வேண்டும், கையில் ஒரே நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம்: சென்னை முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம். 1996-இல் திறந்தது. தென் மாநிலங்களில் இடிபட இருந்த வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் கேரளத்து மரவீடு. குழந்தைகள் குயவர் சக்கரத்தை விட்டு நகரமாட்டார்கள். செவ்வாய் விடுமுறை, வெயிலுக்குத் தொப்பி அவசியம்.

ஆனால் அங்கே இருப்பது வீடு மட்டும்தான், தெரு இல்லை. காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில் வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்த பூச்சு இன்னும் வழவழவென்று இருக்கும். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், அது தனி வருத்தம். அப்புறம், பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் வார்ப்பார்கள், சூளையே கிடையாது. எனக்கு அது ஒன்றுக்காகவே இராத்திரி ரயில் ஏறலாம்.